மீன் பிடிக்காதவர்களுக்கு எந்த மீனை, எப்படிச் சமைத்துக் கொடுப்பது?

ஆட்டிறைச்சியையும் கோழியையும் விரும்பிச் சாப்பிடும் உங்கள் கணவரும் பத்து வயது மகளும் மீனை மட்டும் தொடுவதில்லை என்றும், விலை உயர்ந்த வஞ்சிரத்தை வாங்கி மசாலாவை நிறையத் தடவி வறுத்துக் கொடுத்தும் இருவரும் ஒரு வாய்க்கு மேல் உண்ணவில்லை என்றும் சொல்லி, கவிச்சி அடிக்காத மீன் எது, அதை எப்படிச் சமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் வசிக்கும் உங்களுக்கு என் பதில் இதுதான்: வஞ்சிரத்தைச் சில மாதங்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, கிழங்கான் அல்லது கொடுவாவில் தொடங்குங்கள், மசாலாவைக் குறையுங்கள், மீன் அடுப்பில் இருக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள். நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வதற்கு இது நேர்மாறாக இருப்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அவர்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ‘மீன் பிடிக்காது’ என்று ஒருவர் சொல்லும்போது, அவருக்கு வாடை பிடிக்காமல் இருக்கலாம். முள் தொண்டையில் சிக்கிவிடும் என்ற அச்சம் இருக்கலாம். வாயில் வைத்தவுடன் குழைந்துபோகும் சதையோ, வறண்டு நார்நாராகப் பிரியும் சதையோ பிடிக்காமல் இருக்கலாம். குழந்தைகள் பலருக்குத் தட்டில் கிடக்கும் தலையும் கண்ணுமே தடை. இவை ஒவ்வொன்றுக்கும் மீனும் வேறு, சமையலும் வேறு. இவற்றோடு இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: மீன் சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா, உதடு வீங்குகிறதா, உடம்பில் தடிப்பு வருகிறதா, வயிறு புரட்டுகிறதா? மீன் ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமான பார்வால்புமின் என்னும் புரதம் சமையல் சூட்டில் அழிவதில்லை. மென்மையான மீன்களிலும் அது உண்டு. அப்படி ஏதேனும் இருந்தால் இந்த முயற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குழந்தை தன் உடம்பு சொல்வதைத்தான் ‘பிடிக்கவில்லை’ என்ற ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

பெரும்பாலோரைத் தடுப்பது வாடைதான் என்பதால், அது எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. கடல் நீரின் உப்பைத் தாங்குவதற்காகக் கடல் மீன்கள் தம் உடலில் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அதற்குத் தனியாக வாடை கிடையாது. மீன் இறந்த பிறகு பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமினாக மாற்றுகின்றன. நாம் கவிச்சி என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான். அதாவது கடலிலிருந்து அப்போதுதான் எடுத்த மீனில் கவிச்சி ஏறத்தாழ இல்லவே இல்லை. நேரமும் வெப்பமும் சேர்ந்துதான் அதை உண்டாக்குகின்றன. ஆகவே ‘வாடை இல்லாத மீன்’ என்பதில் மீனின் இனம் பாதியென்றால், அது கரைக்கு வந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, அதுவரை பனிக்கட்டியில் இருந்ததா என்பது மறுபாதி. இந்த டிரைமெத்திலமின் காரத்தன்மை உடையது என்பதால், எலுமிச்சை, புளி, மோர் ஆகியவற்றின் அமிலம் பட்டால் ஆவியாகாத உப்பாக மாறி, மூக்கை எட்டாமல் போகிறது. நம் முன்னோர் மீனைப் புளித்தண்ணீரில் அலசியதற்கும் குழம்பில் புளியை விட்டதற்கும் பின்னால் இருக்கும் காரணம் இதுவே.

இனத்தைப் பொறுத்த வரையில், சதையின் நிறத்தைப் பாருங்கள். ஓயாமல் நீந்தும் மீன்களுக்கு உடலின் பக்கவாட்டில் மயோகுளோபின் என்னும் செந்நிறப் புரதமும் கொழுப்பும் மிகுந்த கருஞ்சதை நிறைய இருக்கும். மத்தி, அயிலை, சூரை ஆகியவை அப்படிப்பட்டவை. அந்தக் கொழுப்பு காற்றுப் பட்டு விரைவில் சிக்கடிக்கும். அதனால் இவற்றுக்கு மணம் அதிகம். மீனை நேசிப்பவருக்கு அந்த மணம்தான் சுவை. மீன் வேண்டாம் என்பவருக்கு அதுவே விலகி ஓடக் காரணம். வஞ்சிரம், அயிலைக்கும் சூரைக்கும் உறவுடைய மீன். முள் குறைவு, துண்டு துண்டாக நறுக்கலாம், விருந்துக்குப் பெருமை என்ற காரணங்களுக்காக அதைப் புதியவர்களுக்குக் கொடுக்கிறோம். ஆனால் நடுமுள்ளின் இருபுறமும் கருஞ்சதைப் பட்டை அதிலும் உண்டு. பெரிய மீனாகையால் பல நாள் கடலில் தங்கும் விசைப்படகுகளிலிருந்தும் வருகிறது. மெல்லிய வில்லைகளாக வெட்டி நீண்ட நேரம் வறுப்பதால் வறண்டும் போகிறது. இந்தக் குடும்பத்து மீன்களைச் சரியாகக் குளிரூட்டி வைக்காவிட்டால் அவற்றில் ஒவ்வாமை போன்ற விளைவுகளைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்து, எவ்வளவு வேகவைத்தாலும் போகாமல், முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு போன்ற தொல்லைகளைத் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுறாவும் திருக்கையும் வேறு வகைச் சிக்கல். அவற்றின் சதையில் யூரியா இருப்பதால், பழையதானால் அமோனியா நெடி அடிக்கும்.

கிழங்கானுக்கு வருகிறேன். சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ வளரும், வெள்ளி நிறமான, ஒல்லியான இந்த மீன் கரையோரத்து மணற்பாங்கான ஆழமற்ற நீரில் வாழ்கிறது. சதை வெண்மையாக, கொழுப்பு மிகக் குறைவாக, இலேசான இனிப்போடு இருக்கும். இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, இது பெரும்பாலும் சிறு படகுகளில் வருகிறது என்பது. விடியலுக்கு முன் சென்று காலையிலேயே திரும்பும் ஃபைபர் படகுகளின் மீன் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் போன்ற கரைகளில் அன்றன்றே விற்கப்படுவதால், கவிச்சி உண்டாவதற்கு அதற்கு நேரமே இருப்பதில்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது, வஞ்சிரம் முதலிய பெரிய மீன்கள் வேறு கடற்கரைகளிலிருந்தோ குளிர்கிடங்குகளிலிருந்தோ வந்து விலையும் ஏறிவிடும். அந்த மாதங்களிலும் நாட்டுப் படகுகள் கிழங்கானைப் புத்தம் புதிதாகக் கொண்டுவரும். முள்ளைப் பற்றிய கவலையும் அதிகம் வேண்டாம். வெந்த மீனின் முதுகை விரலால் இலேசாக அழுத்தினால் இருபுறச் சதையும் பிரிந்து, நடுமுள் முழுதாகக் கையோடு வந்துவிடும். வயிற்றுப் பகுதியில் மட்டும் சிறு முட்கள் தங்கும். மகளுக்குக் கொடுக்கும்போது அந்த ஓரத்தைக் கிள்ளி எடுத்துவிடுங்கள்.

உங்கள் கணவர், கோழி நெஞ்சுக்கறியைப் போலக் கெட்டியான துண்டை எதிர்பார்ப்பவராக இருந்தால் கொடுவாவே பொருத்தம். கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும் வாழும் இந்த மீனின் சதை பெரிய பெரிய இதழ்களாகப் பிரியும். ஈரம் காக்கும் அளவுக்குக் கொழுப்பும் உண்டு, ஆனால் நெடி இல்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-இல் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு உற்பத்திக்கு வழி திறந்தது. அதன் பயனாக இன்று வளர்ப்புக் கொடுவா சந்தையில் கிடைக்கிறது. ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ எடையுள்ளதாக வாங்கி, தோலை உரித்து, நடுமுள்ளை நீக்கிச் சதையாகவே வெட்டித் தரச் சொல்லுங்கள். முழு மீனின் எடையில் பாதிக்கும் குறைவாகவே சதை கிடைக்கும் என்பதால் ஏமாற்றம் அடையாதீர்கள். தலையையும் முள்ளையும் கேட்டு வாங்கி, மீனை விரும்பும் உங்களுக்கென்று குழம்பு வைத்துக்கொள்ளலாம். இதே குணமுள்ள இன்னொரு மீன் கடல் விரால். மண்டபம் என்ற ஊரிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 2010-இல் அதைச் சிறைப்பிடித்த நிலையில் இனப்பெருக்கம் செய்ததிலிருந்து கூண்டுகளிலும் வளர்க்கப்படுகிறது. கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளை வவ்வால் மிக நல்ல மீன், விலைதான் தடை. கருப்பு வவ்வால் பெயரளவில்தான் அதற்கு உறவு, உண்மையில் பாறை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது, மணமும் சற்றுக் கூடுதல். நாக்கு மீன் மிக மென்மையானது, ஆனால் குழைந்த சதை பிடிக்காதவருக்கு ஆகாது. சங்கராவின் சுவை நல்லது, முள்தான் உறுத்தும். கடைகளில் உறைந்த துண்டுகளாக விற்கும் பாசாவை ‘வாடையே இல்லை’ என்று பலர் பரிந்துரைக்கிறார்கள். வாடை இல்லை என்பது மெய்தான், ஆனால் சுவையும் இல்லை, நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். அதைச் சாப்பிட்டவர் மீனைப் பற்றி நல்லெண்ணம் கொள்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உள்நாட்டு ஊர்களில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஆற்று, குளத்து மீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் டிரைமெத்திலமின் ஆக்சைடு மிகக் குறைவு என்பதால் கடல் கவிச்சி வராது; அதற்குப் பதிலாகச் சேற்று வாடை வரும். நீலப்பச்சைப் பாசிகளும் சில மண் பாக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் தோலிலும் கொழுப்பிலும் தங்குவதுதான் காரணம்; மிக மிக நுண்ணிய அளவிலேயே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். தோலையும் அடிவயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, மோரிலோ புளித்தண்ணீரிலோ சிறிது நேரம் ஊறவைத்தால் பெரிதும் குறையும். உயிரோடு விற்கப்படும் விரால், கடலில்லாத ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. புதிதா பழையதா என்ற கேள்விக்கே இடமில்லை. சதை கெட்டி, முள் குறைவு. கட்லாவும் ரோகுவும் சுவையானவையே என்றாலும், சதைக்குள் கவட்டை வடிவில் நுண்முட்கள் விரவிக் கிடப்பதால், முள்ளுக்கு அஞ்சுபவருக்கு அவற்றைத் தொடக்கத்தில் கொடுக்கவே கூடாது.

வாங்கும்போது கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, சதையை அழுத்தினால் பள்ளம் விழாமல் மீள்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் அறிந்ததே. நான் இவற்றைவிட மூக்கை நம்புவேன். செவுளைத் திறந்து முகர்ந்தால் கடல் நீரின் மணம் மட்டும் வர வேண்டும். மீன் மணமே தூக்கலாக வந்தால் அது இந்த வேலைக்கு உதவாது. கடைக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். வீட்டிற்கு வர அரை மணி நேரத்திற்கு மேலாகும் என்றால், மீனின் எடைக்குச் சமமான எடையில் பனிக்கட்டியோடு ஒரு மூடிய பாத்திரத்தில் எடுத்து வாருங்கள். சென்னை வெயிலில் பிளாஸ்டிக் பையில் ஒரு மணி நேரம் தொங்கிய கிழங்கான், பார்த்துப் பார்த்து வாங்கியதன் பயனை முழுதும் இழந்துவிடும்.

சுத்தம் செய்வதில் இரண்டு இடங்களை நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். வயிற்றின் உட்புறம் ஒட்டியிருக்கும் கருஞ்சவ்வு ஒன்று. நடுமுள்ளை ஒட்டி உட்புறமாக ஓடும் இரத்தக் கோடு மற்றொன்று. வாடையும் கசப்பும் அங்கேதான் தொடங்குகின்றன. சவ்வைக் கல்லுப்பால் தேய்த்து உரித்து, இரத்தக் கோட்டைக் கத்தி முனையால் கீறி, குழாய் நீரில் நகத்தால் சுரண்டிக் கழுவுங்கள். சதைத் துண்டுகளாக வாங்கியிருந்தால் பக்கவாட்டிலுள்ள பழுப்புப் பட்டையை வெட்டி எறியுங்கள். பிறகு ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து அதில் துண்டுகளை 10 நிமிடம் போட்டு எடுங்கள். சதை இறுகும், வேகும்போது வெள்ளை நுரையாகப் புரதம் கசிவது குறையும், உள்வரை உப்பும் ஏறும். இதன் பின் எலுமிச்சைச் சாறும் மஞ்சளும் தடவி மேலும் 10 நிமிடம் வைத்தால் போதும். அதற்கு மேல் வைத்தால் அமிலத்திலேயே சதை வெளுத்து மணல்போல் உதிரத் தொடங்கும். எத்தனை முறை கழுவினாலும் கடைசியில் சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க மறக்காதீர்கள். சமையலில் மீன் உடைவதற்கும் சட்டியில் ஒட்டுவதற்கும் பெரும்பாலும் இந்த ஈரமே காரணம்.

அடுத்தது நேரம். மீனின் தசை குட்டையான இழைகளால் ஆனது; அவற்றை இணைக்கும் கொலாஜன் சவ்வுகள் மிக மெல்லியவை, ஆட்டிறைச்சியில் உள்ளதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடுபவை. சதையின் நடுப்பகுதி 60 முதல் 63 பாகை செல்சியசை எட்டும்போது மீன் வெந்துவிட்டது. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடமும் சாற்றைப் பிழிந்து வெளியேற்றுவதோடு, வீடு முழுவதும் வாடையைப் பரப்புகிறது. ஓர் அங்குலக் கனமுள்ள துண்டுக்கு மொத்தம் ஏறத்தாழ 10 நிமிடமும், கிழங்கானுக்கு 5 நிமிடமும் போதும். கண்ணாடிபோல் இருந்த சதை பால்வெண்மையாக மாறி, கரண்டி முனையால் தொட்டால் இதழாகப் பிரியும் கணத்தில் இறக்கிவிட வேண்டும். வஞ்சிரத்தை உங்கள் வீட்டில் எவ்வளவு நேரம் வறுத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை; மசாலா கருகும் அளவுக்கு வறுத்திருந்தால், அவர்கள் வெறுத்தது மீனையா, வறட்சியையா என்பதை அதைக் கொண்டு முடிவு செய்ய முடியாது.

கிழங்கானை வறுக்கும் முறை இது. தலையையும் செதிலையும் நீக்கிய மீனில், மேற்சொன்ன உப்புநீர்ப் பக்குவம் முடிந்ததும், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி, சிறிது மஞ்சள், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை அரைக் கிலோவுக்கு என்ற கணக்கில் தடவி வையுங்கள். மிளகாய்த்தூளை மகளுக்குத் தாங்கும் அளவில் ஒரு சிட்டிகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒற்றி எடுத்த பின் அரிசி மாவில் புரட்டி, அதிகப்படி மாவைத் தட்டிவிட்டு, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் கடலை எண்ணெய் தாராளமாக ஊற்றி ஒரு பக்கம் 3 நிமிடமும் மறுபக்கம் 2 நிமிடமும் வறுங்கள். ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் கல்லின் சூடு இறங்கி, மீன் வறுபடாமல் அவிந்துவிடும். மேலே மொறுமொறுப்பும் உள்ளே ஈரமும் இருப்பதால், குழைவு பிடிக்காதவரும் முள்ளுக்கு அஞ்சுபவரும் சேர்ந்தே இதைச் சாப்பிட்டுப் பார்க்க முடியும்.

கொடுவாவுக்கு வாழையிலையைப் பரிந்துரைக்கிறேன். தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் ஒன்று, இஞ்சித் துண்டு ஒன்று, உப்பு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கெட்டியாக அரைத்துத் துண்டுகளின் மேல் மெல்லிதாகப் பூசி, தணலில் வாட்டிய இலையில் பொதிந்து, இட்லிப் பானையில் 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். எண்ணெய்ப் புகை இல்லாததால் வீட்டில் வாடை தங்காது, இலையின் மணமே முந்தி நிற்கும். இதற்கு அடுத்த படியாக யாழ்ப்பாணத்தவர் செய்யும் மீன் சொதியை முயலலாம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றை இரண்டாம் தேங்காய்ப் பாலில் கொதிக்கவிட்டு, மீன் துண்டுகளைப் போட்டு 5, 6 நிமிடம் மெல்லிய தீயில் வேகவைத்து, முதற்பாலை ஊற்றிக் கொதி வருமுன் இறக்கி, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிவது அதன் முறை. அங்கே விளைமீனில் செய்வார்கள். கொடுவாவிலும் நன்றாக வரும். இடியப்பத்தோடு கொடுங்கள்.

புளிக்குழம்பில் ஏன் தொடங்கக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். ‘முதலில் குழம்பை மட்டும் ஊற்றிப் பழக்கு, பிறகு மீனைக் கொடு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. என் கருத்து அதற்கு மாறானது. தலையும் முள்ளும் தோலும் கொதித்து இறங்கிய குழம்பில்தான் மீன் மணம் மிகச் செறிவாக இருக்கிறது. அது மீனை விரும்புகிறவர் கடைசியாக வந்து சேரும் இடம். மறுநாள் சுண்டவைத்த குழம்பின் அருமையை நீங்கள் தனியாக அனுபவியுங்கள். அதேபோல், மசாலாவை அள்ளிப் பூசி வாடையை மறைக்கலாம் என்று எண்ணுவதும் பலிக்காது. மிளகாய் நாக்கைத்தான் எரிக்கும், மூக்கை மூடாது. பழைய மீனும் மசாலாவும் சேர்ந்து இரட்டை நெடியாகும்.

ஊட்டத்தைப் பற்றி ஒரு சொல். மருத்துவர் ஒமேகா-3 கொழுப்புக்காக மீன் சாப்பிடச் சொல்லியிருந்தால், வெள்ளைச் சதை மீன்களில் நல்ல புரதம் உண்டெனினும் அந்தக் கொழுப்பு குறைவு, மத்தியிலும் அயிலையிலும்தான் அது மிகுதி என்பதை அறிந்திருங்கள். அதற்காக இப்போதே மத்திக்குத் தாவ வேண்டாம். இருவரும் கிழங்கானைத் தயக்கமின்றி உண்ணத் தொடங்கிய பின், அன்றைய வரவான சங்கரா, பிறகு நல்ல வஞ்சிரம் என்று மெதுவாகச் சென்று, பின்னர் மத்தியை வாழையிலையில் சுட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

பரிமாறும்போது தலை, வால், துடுப்பு எதுவும் மகளின் தட்டில் இருக்க வேண்டாம். முள்ளை நீங்கள் எடுத்துவிட்டு, அப்படி எடுத்ததை அவள் பார்க்கும்படி செய்யுங்கள், அச்சம் குறையும். கோழி என்று பொய் சொல்லிக் கொடுக்காதீர்கள். தெரிந்துவிட்டால் கோழியையும் சேர்த்துச் சந்தேகிப்பாள். அவளுக்குப் பிடித்த ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் அன்று கட்டாயம் இருக்கட்டும், மீன் ஒரு சிறு துண்டு மட்டும் ஓரமாக இருக்கட்டும். வறுத்தது மீந்தால் மறுவேளைக்குச் சூடாக்கித் தராதீர்கள், மறுசூட்டில் கொழுப்பு மேலும் கெட்டு வாடை கூடும். மீந்த கொடுவாவை அன்றே உதிர்த்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை வெங்காயமும் மிளகும் சேர்த்து முட்டையோடு ஒரே நிமிடம் புரட்டினால், உங்கள் கணவர் தோசைக்குத் தொட்டுக்கொள்ள அது நன்றாகவே இருக்கும்.